மனத்துக்கு மீட்சி எல்லை உண்டா?

இயற்பியல் முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுக்கும் தொடக்கச் சோதனைகளுள் ஒன்று மிகவும் எளியது. ஒரு சுருள்வில்லைத் தாங்கியில் தொங்கவிட்டு, அதன் கீழ் முனையில் 50 கிராம் எடையை மாட்ட வேண்டும். முள் எங்கே நிற்கிறது என்று அளவுகோலில் பார்த்துக் குறிக்க வேண்டும். பிறகு 100, 150, 200 என்று எடையைக் கூட்டிக்கொண்டே போய், அதே வரிசையில் ஒவ்வொன்றாக இறக்கியும் அளக்க வேண்டும். ஏற்றும்போது கிடைத்த அளவும் இறக்கும்போது கிடைத்த அளவும் ஒத்துப்போனால் வில் நலமாக இருக்கிறது என்று பொருள். ஒத்துப்போகாவிட்டால், மாட்டிய எடை அதன் மீட்சி எல்லையைத் தாண்டியிருக்கலாம்.

இந்தச் சோதனை நடந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் மாணவன் ஒருவன் என் மேசையருகே வந்து நின்றான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வருபவன். பெயர் வேண்டாம். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். இங்கே புத்தகமும் கேள்வித்தாளும் ஆங்கிலம். கையில் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வின் விடைத்தாள். 50-க்கு 11.

"எனக்கு பிசிக்ஸ் வராது சார். டி.சி. வாங்கிட்டுப் போயிடலாம்னு இருக்கேன்" என்றான். கேள்வித்தாளைக் கண்டதும் கை நடுங்கியதாம், நெஞ்சு படபடத்ததாம், படித்ததும் மறந்துபோனதாம். மூன்று இரவுகளாகத் தூக்கமில்லை.

உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூரிலிருந்து தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்குப் போனவன் நான். முதல் பருவத்தில் கணிதத் தாளில் தவறி, அதை வீட்டுக்குச் சொல்லாமல் இரண்டு மாதம் மறைத்தவன். ஆகவே "வராது" என்ற அந்தச் சொல் எனக்கும் பழக்கமானதுதான். "தைரியமாக இரு, நல்லதையே நினை" என்று அவனுக்குச் சொல்லியிருக்கலாம். பேருந்து நிலையக் கடைகளில் விற்கும் முன்னேற்றப் புத்தகங்கள் பலவும் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் எடை தொங்கும் வில்லைப் பார்த்து "நீளாதே" என்று சொல்வதற்கும் அதற்கும் அதிக வேறுபாடு இல்லை. எடை எது, நீட்சி எது, எல்லை எது என்று பார்த்தால் அல்லவா வழி பிறக்கும்?

பெயர் இடம் மாறிய கதை

இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் "ஸ்ட்ரெஸ்" என்ற சொல் எங்கள் இயற்பியலிலிருந்து போனது. ஒரு கம்பியை இழுக்கும்போது அதனுள் ஓரலகு பரப்பில் எழும் எதிர்விசைதான் ஸ்ட்ரெஸ், தமிழில் தகைவு. அதனால் கம்பியில் ஏற்படும் உருமாற்றம் ஸ்ட்ரெய்ன்; தமிழில் திரிபு. மீட்சி எல்லைக்குள் இரண்டும் நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஹூக் விதி.

இந்தச் சொல்லை மருத்துவத்தில் பரப்பியவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து கனடாவின் மான்ட்ரியலில் பணியாற்றியவர். புதிய ஹார்மோன் ஒன்றைக் கண்டுபிடிக்கலாம் என்று எலிகளுக்குச் சில உறுப்புகளின் சாற்றை ஊசிமூலம் செலுத்திப் பார்த்தார். எலிகளின் அட்ரினல் சுரப்பி வீங்கியது. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் உண்டானது. கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்தார். பிறகு ஐயம் வந்தது. வேறு நச்சுப் பொருளைச் செலுத்தினாலும், குளிரில் வைத்தாலும், ஓயாமல் ஓடவிட்டாலும் அதே மூன்று விளைவுகள்! துன்பம் எதுவானாலும் உடல் ஒரே விதமாகப் பதில் சொல்கிறது என்பதை 1936-இல் "நேச்சர்" இதழில் சிறு கட்டுரையாக வெளியிட்டார். தோற்றுப்போன ஒரு சோதனையிலிருந்து பிறந்த துறை இது.

பின்னர் அந்தப் பதிலுக்கு அவர் சூட்டிய பெயர்தான் ஸ்ட்ரெஸ். உண்மையில் அவர் அளந்தது விசையை அல்ல, விசையால் உடலில் உண்டான மாற்றத்தை, அதாவது திரிபை. தமக்கு ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் சரியான சொல்லைத் தேர்ந்திருப்பேன் என்ற பொருளில் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். தமிழில் குழப்பம் இன்னும் ஒருபடி மேல். செய்தித்தாள்களில் "மன அழுத்தம்" என்கிறோம். அழுத்தம் என்பதோ எங்களுக்கு வேறொரு அளவு. போதாக்குறைக்கு மனச்சோர்வு என்னும் நோயையும் அதே பெயரால் அழைக்கிறோம். தேர்வுக்கு முந்தைய நாள் படபடப்பும், மருத்துவம் தேவைப்படும் நோயும் ஒரே பெயரில் உலவுவது ஆபத்து என்றே நினைக்கிறேன்.

உடலுக்குள் அடிக்கும் மணி

கேள்வித்தாளைப் பார்த்ததும் கை ஏன் நடுங்குகிறது? மூளையின் அடிப்பகுதியில் வாதுமைப் பருப்பு அளவில் அமிக்டலா என்ற பகுதி உள்ளது. ஆபத்து என்று அது கருதியவுடன் நரம்புகள் வழியே, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் செய்தி போகிறது. சில வினாடிகளில் அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இதயம் விரைகிறது, தசைகளுக்குக் கூடுதல் இரத்தம் பாய்கிறது, செரிமானம் தள்ளிவைக்கப்படுகிறது. போராடவோ ஓடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது என்று அமெரிக்க உடலியலறிஞர் வால்டர் கேனன் 1915-இலேயே விளக்கினார்.

இதற்குப் பின்னால் மெதுவாகக் கிளம்பும் இரண்டாவது செய்தி ஒன்று உண்டு. ஹைபோதலாமஸ், பிட்யூட்டரி வழியாக அது அட்ரினலின் புறப்பகுதியை அடைந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. சுமார் 20, 30 நிமிடங்களில் கார்ட்டிசால் உச்சத்தை எட்டும். காரணம் நீங்கிவிட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணிந்துவிடும். அளவு மிகும்போது, நினைவில் உள்ளதை வெளியே எடுக்கும் வேலையை அது தடுமாறச் செய்கிறது. படித்தது மறந்துவிட்டது என்று மாணவன் சொன்னானே, அது மறதி அல்ல. பெட்டி பத்திரமாகத்தான் இருக்கிறது; திறவுகோல்தான் சற்றுநேரம் கிடைக்கவில்லை.

மணி அடிப்பதை நிறுத்த முடியுமா? கட்டளையிட்டு நிறுத்த முடியாது. ஆனால் இதயத்துக்கு வேகஸ் என்றொரு நரம்பு போகிறது; அது தடைக்கட்டை போன்றது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை உள்ளிழுங்கள். துடிப்பு சற்று விரையும். நிதானமாக வெளிவிடுங்கள், துடிப்பு மெதுவாகும். இளம் வயதினருக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். வெளிமூச்சின்போது தடைக்கட்டை அழுந்துகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில், வெளிமூச்சை நீட்டிச் சில நிமிடங்கள் விட்டால் படபடப்பு அடங்குவதன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் படபடப்பைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதும் கணக்கில் சேர்கிறது. அமெரிக்காவில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், "நெஞ்சு படபடப்பது தேர்வைக் கெடுக்காது, உதவவும் கூடும்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். கணிதப் பகுதியில் அவர்கள் மற்றவர்களைவிடச் சற்று நன்றாகவே செய்தார்கள். தன்மேல் தொங்குவது எது என்று வில்லுக்குத் தெரியாது. மனிதனுக்குத் தெரியும். வில் உவமை இந்த இடத்தில் முறிந்துவிடுகிறது.

இறக்கி வைக்காத எடை

மாணவன் தேர்வு எழுதியது 2 மணி நேரம். தூங்காமல் கிடந்ததோ மூன்று இரவுகள். அந்த இரவுகளில் தேர்வு இல்லை. தேர்வின் நினைவு இருந்தது. மாடு தின்ற தீனியை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து மெல்வதுபோல், நடந்துபோனதைத் திரும்பத் திரும்ப அசைபோடுகிறோம். அமிக்டலாவுக்கு நிகழ்வும் நினைவும் பெரிய வேறுபாடில்லை. மணியை அடித்துக்கொண்டே இருக்கிறது. மலையில் நரியைக் கண்டு மிரண்ட ஆடு, நரி போனதும் மேயத் தொடங்கிவிடுகிறது. மனிதன் மட்டும் போன நரியை வீட்டுக்கு அழைத்து வருகிறான்.

கம்பியிலும் இதற்கு ஒப்பான ஒன்றைப் பார்க்கலாம். முறுக்கு ஊசலின் கம்பி ஒன்றைத் தொடர்ந்து அலைவுறச் செய்தால், அதன் அலைவுகள் வரவர விரைவாக அடங்கத் தொடங்குகின்றன; ஓய்வு கொடுத்தால் பழைய தன்மை திரும்புகிறது. கெல்வின் பிரபு 1860-களில் கண்ட உண்மை இது. உலோகத்துக்கே ஓய்வு தேவைப்படுகிறது.

அசைபோடுவதை நிறுத்து என்று சொன்னாலும் நிற்காது. தாளில் எழுதுவது பலருக்கு உதவுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2011-இல் "சயன்ஸ்" இதழில் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்றுமுன் 10 நிமிடம் தங்கள் பயங்களை உள்ளபடி எழுதச் சொன்னபோது, வழக்கமாக அதிகம் பயப்படும் மாணவர்கள் மேம்பட்டார்கள். மனத்தில் வேலை செய்யும் இடம் குறுகியது. கவலை அதை அடைத்துக்கொள்கிறது. எழுதினால் இடம் காலியாகிறது என்பது அவர்கள் விளக்கம். எல்லோருக்கும் ஒரே அளவில் பலிக்கும் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் செலவு ஒரு தாளும் ஒரு பேனாவும்தான்.

1935 ஜனவரி 11

எடையை இறக்கி வைப்பது என்றால் என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே அவர் ஒரு கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் வெண்குள்ளனாகச் சுருங்கி நிலைத்திருக்க வேண்டுமானால் அதன் நிறை ஓர் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது விடை. சூரியனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேல் போனால் அது சுருங்கிக்கொண்டே போகும்.

அந்தக் கணக்கை முழுமையாக்கி, 1935 ஜனவரி 11 அன்று இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் படித்தார். வயது 24. அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். 1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்துப் புகழ் பெற்றவர். உலக வானியலறிஞர்களில் முதல் வரிசையில் இருந்தவர். சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தவரும் அவரே. அப்போதெல்லாம் மறுப்பு எதுவும் சொல்லாதவர், சபையில் எழுந்து, நட்சத்திரம் இப்படிக் கோமாளித்தனமாக நடந்துகொள்ள இயற்கை இடம் தராது என்ற தோரணையில் பேசினார். சபை சிரித்தது. கணக்கில் பிழை இருப்பதாக அவர் காட்டவில்லை. போர், பவுலி போன்ற பெரிய இயற்பியலறிஞர்கள் சந்திரசேகர் பக்கமே நியாயம் என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். வெளிப்படையாகச் சொல்ல முன்வரவில்லை.

அவர் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். தம் கணக்கு தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. எடிங்டனுடன் ஆயுள் முழுதும் மல்லுக்கு நிற்கவும் இல்லை. 1937-இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்துக்குப் போனார். தெரிந்ததையெல்லாம் நட்சத்திரங்களின் கட்டமைப்பைப் பற்றிய ஒரு நூலாக எழுதி 1939-இல் வெளியிட்டார். அதோடு அந்தப் பொருளை மூடி வைத்துவிட்டு, நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம் என்ற வேறொரு துறைக்குப் போனார். சில ஆண்டுகளில் அதிலும் ஒரு நூல். பிறகு இன்னொரு துறை. வாழ்நாள் முழுவதும் இதே வழக்கம். எடிங்டன் 1944-இல் மறைந்தபோது அவரைப் பெருமைப்படுத்தியும் பேசினார். நோபல் பரிசு வந்தது 1983-இல், 73-ஆம் வயதில்.

அந்த அவமானம் அவருக்கு நன்மையாக முடிந்தது என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. சிரித்த சபைக்கு அதில் பெருமை எதுவும் இல்லை. இளம் ஆய்வாளருக்கு அது காயம்தான். நான் எடுத்துக்கொள்வது வேறு ஒன்று. சபை சிரித்ததையும் கணக்கு சரியா என்பதையும் அவர் ஒன்றாகக் கலக்கவில்லை. ஒன்று அவரைப்பற்றிய பிறர் கருத்து. மற்றது அளந்து பார்க்கக்கூடிய உண்மை. 11 மதிப்பெண் என்பது அளவு. "எனக்கு பிசிக்ஸ் வராது" என்பதோ அந்த ஒரே அளவிலிருந்து அவசரப்பட்டு வரைந்த நேர்கோடு. ஒரே ஒரு புள்ளியை வைத்து எந்த மாணவனாவது வரைபடம் போட்டால் ஏற்றுக்கொள்வோமா?

கம்பி வளராது

வில் உவமை இன்னோர் இடத்திலும் பொருந்தாது. எல்லைக்குள் எடை தாங்கிய கம்பி மறுநாளும் அதே கம்பிதான். தசையும் எலும்பும் அப்படியல்ல. எடை தாங்கி, ஓய்வும் உணவும் கிடைத்தால் உரம் பெறுகின்றன. மூளையும் அவ்வாறே. இலண்டன் வாடகைக்கார் ஓட்டுநர்கள் உரிமம் பெற நகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அவர்களது மூளையில், இட நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பதை 2000-இல் கண்டார்கள். பயிற்சி தொடங்குமுன்பும் முடிந்தபின்பும் படமெடுத்து, மாற்றம் பயிற்சியால் வந்ததே என்று 2011-இல் காட்டினார்கள்.

"அடிமேல் அடி விழுந்தால்தான் உறுதி வரும்" என்று நம் ஊரில் பெரியவர்கள் சொல்வதுண்டு. பாத்திரக் கன்னாரைக் கேட்டுப் பாருங்கள். செம்புத் தகட்டைத் தட்டத் தட்ட அது கெட்டிப்படும், உண்மை. தட்டிக்கொண்டே போனால் வெடித்துவிடும். ஆகையால் இடையிடையே நெருப்பில் காட்டி இளக்கி, பிறகு தட்டுவார். அடியை மட்டும் பார்த்து நெருப்பை மறந்துவிட்டது அந்தப் பழமொழி.

திறமை பிறப்பிலேயே முடிந்துபோனதல்ல, வளரக்கூடியது என்று நம்புகிறவர்கள் தோல்விக்குப் பின்னும் முயல்கிறார்கள் என்பது அமெரிக்க உளவியலறிஞர் கேரல் டுவெக்கின் கருத்து. அதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு, மொத்தம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடம் ஒன்றைக் கணினி வழியே கொடுத்தார்கள். முடிவு 2019-இல் "நேச்சர்" இதழில் வந்தது. படிப்பில் பின்தங்கியவர்களின் சராசரி, 4 புள்ளி அளவுகோலில் 0.1 உயர்ந்தது. அவ்வளவுதான். மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் சுழியமும் இல்லை. சுற்றியிருந்த மாணவர்களும் கடினமான பாடத்தை நாடுகிற பள்ளிகளில் பலன் கூடுதலாக இருந்தது. நம்பிக்கைக்கும் மண் வேண்டியிருக்கிறது.

எங்கள் மாணவனிடம் நம்பிக்கையைப் பற்றி நான் பேசவில்லை. "தம்பி, 11 எப்படி வந்ததுன்னு எனக்குத் தெரியும். மீதி 39 எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சு எழுதிட்டு வா" என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தான். கேள்வியின் ஆங்கிலம் புரியாமல் தொடாமலே விட்டவை 20 மதிப்பெண். சூத்திரம் தெரிந்தும் எண்களைப் பொருத்துவதில் தவறியவை 9. அலகு எழுதாதவை 6. படம் போடாதவை 4. "பிசிக்ஸ் வராததுக்கு இதில் எவ்வளவு?" என்று கேட்டேன். தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தேர்வுக் கேள்விகளில் வரும் ஆங்கிலச் சொற்கள் அறுபது, எழுபதுக்கு மேல் இல்லை. தமிழ்ச் சொல்லோடு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினான்.

எல்லை தாண்டினால்

மீட்சி எல்லையைத் தாண்டிய வில், எடையை எடுத்த பின்னும் பழைய நிலைக்கு வராது. மனத்துக்கும் அப்படி ஒரு நிலை உண்டு; நல்லவேளையாக, வில்லைப்போல் அது நிலையான கேடு அல்ல, மருத்துவத்தால் மீட்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தே இருப்பது, பிடித்த வேலையிலும் நாட்டமில்லாமை, உறக்கமும் பசியும் கெடுவது, நான் எதற்கும் ஆகாதவன் என்ற எண்ணம் இவையெல்லாம் சேர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. எலும்பு முறிந்தவனிடம் "மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு நட" என்று யாரும் சொல்வதில்லை. 2022 முதல் இயங்கும் 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். சென்னையில் மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய "சிநேகா" அமைப்பு, துயரத்தில் இருப்பவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பதையே தொண்டாகச் செய்துவருகிறது.

எல்லாவற்றையும் மனத்தின்மேல் போடுவதும் சரியல்ல. தொங்கும் எடையைக் குறைப்பதும் ஒரு வழி. பொதுத்தேர்வில் முதல் மூன்று இடம் பெற்றவர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017-இல் கைவிட்டது. தவறிய மாணவர் ஓராண்டைப் பறிகொடுக்காமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம். எந்தச் சொற்பொழிவையும்விட இவை அதிகம் பேருடைய இரவுத் தூக்கத்தைக் காத்திருக்கும் என்பது என் எண்ணம். எங்கள் துறையிலும் இப்போது உள்மதிப்பீட்டுக் கேள்விகளின் கடினச் சொற்களுக்கு அடியில் தமிழ்ச் சொல்லை அச்சிடுகிறோம்.

இரண்டாவது உள்மதிப்பீட்டில் அவன் எடுத்தது 19. தேர்ச்சிக்கு 20 வேண்டும். விடைத்தாளைக் கொடுத்த அன்று மாலை ஆய்வகத்துக்கு வந்தான். முகத்தில் வருத்தம் இருந்தது, டி.சி. பேச்சு இல்லை. "நாலாவது கணக்கு சார். யங் குணகம் கால் பங்காத்தான் வந்திருக்கு. திருகு அளவியில எடுத்த விட்டத்தை அப்படியே ஆரம்னு போட்டுட்டேன்" என்றான். பிறகு தாங்கியில் தொங்கிக்கொண்டிருந்த கம்பியின் பக்கம் போய், திருகு அளவியைக் கையில் எடுத்தான்.